71 பேரும் தலையாட்டினால் விடுதலையா?

கேள்வி: பண்டைய யூதர்களின் உச்ச நீதிமன்றமான சன்ஹெட்ரினில் 71 நீதிபதிகளும் ஒருமனதாகக் ‘குற்றவாளி’ என்று சொன்னால், கைதியை விடுதலை செய்துவிடுவார்கள் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. அவ்வளவு உயர்ந்த நீதிமன்றம் இயேசுவுக்கு மட்டும் ஏன் அநியாயம் செய்தது? அதே 71 பேர் சபைதான் இன்றும் ரகசியமாக உலகத்தை ஆட்டிவைக்கிறது என்று யூடியூபில் ஒருவர் பேசுகிறாரே, உண்மையா?
– வாசகர் ஒருவர், பாளையங்கோட்டை

பதில்: வாட்ஸ்அப்பில் வந்தது பொய்யில்லை. பாதிதான் வந்திருக்கிறது. யூடியூப்காரர் சொல்வது முழுப் பொய். அவரிடம் பிறகு வருகிறேன்.

நீங்கள் சொல்லும் விதி, யூத மதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான பாபிலோனிய தல்மூதில் இருக்கிறது. ராவ் கஹானா என்ற அறிஞர் பெயரில் வரும் ஒரு வரி அது. காரணத்தையும் அங்கேயே சொல்கிறார்கள். மரண வழக்கில் தண்டனைத் தீர்ப்பை அன்றைக்கே சொல்லக் கூடாது, ஒரு ராத்திரி கழிய வேண்டும். அதற்குள் கைதிக்குச் சாதகமாக யாருக்காவது ஏதாவது தோன்றலாம். அத்தனை பேரும் ஒரே குரலில் ‘குற்றவாளி’ என்று முடிவுகட்டிவிட்டால், யோசித்துப் பார்க்க அங்கே ஆளே இல்லை என்று அர்த்தம். ஆகவே விடு அவனை என்கிறது தல்மூத்.

இதைவிட ருசியான விதிகளெல்லாம் மிஷ்னா என்ற பழைய சட்டத் தொகுப்பில் உண்டு. ஃபார்வர்டு செய்தவருக்கு அதுவரை படிக்கப் பொறுமை இல்லை போலிருக்கிறது. கொலை வழக்குக்கு 71 பேர் வேண்டாம், 23 பேர் கொண்ட சின்ன சபை போதும். பிரதான ஆசாரியரை விசாரிப்பது, பொய்த் தீர்க்கதரிசி வழக்கு, கட்டாயமில்லாத போருக்கு அனுமதி தருவது போன்றவைதான் எருசலேம் ஆலயத்தின் கல் மண்டபத்தில் கூடிய பெரிய சபையின் வேலை. நீதிபதிகள் அரைவட்டமாக உட்கார வேண்டும், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிவதற்காக. மரண வழக்கில் இளையவர்தான் முதலில் கருத்துச் சொல்ல வேண்டும். பெரியவர் முதலில் பேசிவிட்டால் சின்னவர் ‘ஐயா சொல்வதே சரி’ என்று ஒதுங்கிவிடுவார் அல்லவா? விடுதலைக்கு ஒரு ஓட்டு அதிகம் இருந்தால் போதும், தண்டனைக்கு இரண்டு ஓட்டு அதிகம் வேண்டும். விடுதலைக்காகப் பேசியவர் பிறகு தண்டனைப் பக்கம் திரும்பிப் பேச முடியாது. தண்டனைக்காகப் பேசியவர் எப்போது வேண்டுமானாலும் இந்தப் பக்கம் வரலாம். ஏழு வருஷத்துக்கு ஒருவனைக் கொல்லும் சன்ஹெட்ரின் நாசகார சன்ஹெட்ரின் என்கிறது மிஷ்னா. எழுபது வருஷத்துக்கு ஒன்று என்றாலும் அப்படித்தான் என்கிறார் ரபி (யூத மத குரு) எலெயாசார் பென் அசரியா. நாங்கள் அந்தச் சபையில் இருந்திருந்தால் ஒருவன்கூட ஒருபோதும் செத்திருக்க மாட்டான் என்கிறார்கள் ரபி தர்போனும் ரபி அகிவாவும்.

‘இருந்திருந்தால்’ என்கிறார்கள், கவனித்தீர்களா? இருந்ததில்லை. இருக்கவும் முடியாது. ரோமானியர்கள் ஆலயத்தை இடித்தது கி.பி. 70-ல். அதோடு கல் மண்டபமும் போயிற்று, உயிரெடுக்கும் அதிகாரமும் போயிற்று. அந்த அதிகாரம் ஆலயம் இடிவதற்கு 40 வருஷம் முன்பே பறிபோய்விட்டது என்று சொல்லும் மரபும் உண்டு. மிஷ்னாவை ரபி யூதா ஹநாசி தொகுத்து முடித்தது கி.பி. 200 வாக்கில். நீங்கள் வியக்கும் இந்த விதிகளை எழுத்தில் நிறுத்தியவர்கள் கையில் வாளும் இல்லை, தூக்குக் கயிறும் இல்லை.

அதிகாரம் கையில் இருந்த காலத்தில் அந்தச் சபை எப்படி நடந்துகொண்டது? யோசேபஸ் என்ற யூத வரலாற்றாசிரியர் ஒரு வழக்கைப் பதிவு செய்திருக்கிறார். கி.மு. 47 வாக்கில், கலிலேயாவை நிர்வகித்த இளைஞன் ஏரோது, எசேக்கியா என்ற கொள்ளைக்காரத் தலைவனையும் கூட்டாளிகளையும் விசாரணையே இல்லாமல் கொன்றுபோட்டான். செத்தவர்களின் தாய்மார்கள் ஆலயத்துக்கு தினமும் வந்து, ‘ஏரோதைச் சபைக்குக் கூப்பிடு’ என்று அழுதார்கள். நாட்டின் தலைவராகவும் பிரதான ஆசாரியராகவும் இருந்த ஹிர்கானு வேறு வழியில்லாமல் அழைத்தார். குற்றம் சாட்டப்பட்டவன் கறுப்பு உடுத்தி, தலைவிரித்து, பயந்து வந்து நிற்பதுதான் வழக்கம். ஏரோது ஊதா அங்கி போட்டுக்கொண்டு, தலை வாரிக்கொண்டு, ஆயுதம் தாங்கிய ஆட்களோடு வந்தான். சபையே வாயடைத்துப் போயிற்று. அவனை விடுவித்துவிடு என்று சிரியாவின் ரோமானிய ஆளுநரிடமிருந்து ஹிர்கானுவுக்குக் கடிதமும் வந்திருந்தது. சமாயா என்ற ஒருவர் மட்டும் எழுந்தார். “நான் இவனைக் குறை சொல்லவில்லை, இப்படி வர இடம் கொடுத்த உங்களைத்தான் சொல்கிறேன். இன்று இவனை விட்டால் நாளை இவனே உங்களைத் தண்டிப்பான்” என்ற பொருளில் பேசிவிட்டு உட்கார்ந்தார். ஹிர்கானு வழக்கை ஒத்திவைத்தார். ஏரோது ஊரைவிட்டு நழுவினான். பத்து வருஷம் கழித்து எருசலேமைப் பிடித்து அரசனானதும், அந்தச் சபையினரைக் கொன்றான் என்கிறார் யோசேபஸ். சமாயாவை மட்டும் விட்டுவைத்தான்.

ஏறக்குறைய இதே கதை, வேறு ராஜா பெயரில், தல்மூதிலும் வருகிறது. அரசன் தீர்ப்புச் சொல்லவும் கூடாது, அவன்மீது தீர்ப்புச் சொல்லவும் கூடாது என்ற விதிக்கு அங்கே அதுதான் காரணம். பட்டுத்தான் எழுதினார்கள்.

கி.பி. 62-ல் இன்னொன்று நடந்தது. ரோமானிய ஆளுநர் ஒருவர் இறந்து அடுத்தவர் வந்து சேராத இடைவெளியில், அனானு என்ற பிரதான ஆசாரியர் அவசரமாகச் சபையைக் கூட்டி, இயேசுவின் சகோதரர் யாக்கோபையும் வேறு சிலரையும் கல்லெறிந்து கொல்ல வைத்தார். சட்டத்தை மதித்த எருசலேம் யூதர்களே அதை எதிர்த்துப் புகார் செய்தார்கள். அனானுவின் பதவி பறிபோயிற்று.

இப்போது இயேசுவின் வழக்குக்கு வரலாம். ராத்திரியில் விசாரித்தார்கள், ஆசாரியர் வீட்டில் விசாரித்தார்கள், பஸ்கா பண்டிகையில் விசாரித்தார்கள், ஆகவே சன்ஹெட்ரின் தன் சட்டத்தையே மீறியது என்று பட்டியல் போட்டுப் பிரசங்கிப்பவர்கள் உண்டு. அவர்கள் எடுத்து நீட்டுவது, சுமார் 170 வருஷம் கழித்துத் தொகுக்கப்பட்ட விதிப் புத்தகத்தை. அன்றைய பிரதான ஆசாரியர் காய்பாவின் மேசையில் அது இல்லை. சுவிசேஷங்களும் இந்த இடத்தில் ஒன்றுபோல் பேசவில்லை. மாற்கு ராத்திரி விசாரணை என்கிறார். லூக்கா விடிந்த பிறகு சங்கம் கூடியது என்கிறார். யோவானில் முழுச் சபை விசாரணையே இல்லை, காய்பாவின் மாமனார் அன்னாவும் காய்பாவும்தான். ‘எல்லாரும்’ மரணத்துக்குத் தீர்மானித்தார்கள் என்று மாற்கில் இருக்கிறது. உங்கள் வாட்ஸ்அப் விதிப்படி விடுதலை! ஆனால் அந்தச் சபையில் ஒருவரான அரிமத்தியா யோசேப்பு அந்தத் தீர்மானத்துக்குச் சம்மதிக்கவில்லை என்று லூக்கா எழுதிவைத்திருக்கிறார். சிலுவை ரோமானியத் தண்டனை, உத்தரவு ரோமானிய ஆளுநர் பிலாத்துவுடையது. இதை வைத்து ஓர் இனத்தையே நூற்றாண்டுக் கணக்கில் வதைத்துவிட்டு, 1965-ல்தான் கத்தோலிக்கத் திருச்சபையின் வத்திக்கான் சங்கம், அன்றிருந்த எல்லா யூதர்கள்மீதோ இன்றைய யூதர்கள்மீதோ அந்தப் பழியைச் சுமத்த முடியாது என்று அறிவித்தது.

ஆலயம் இடிந்தபின் சபை யாவ்னே, உஷா, செப்போரி என்று ஊர் ஊராக நகர்ந்து திபேரியாவில் முடிந்தது. மிஞ்சிய பெரிய அதிகாரம் பிறை பார்த்த சாட்சிகளை விசாரித்து மாதப் பிறப்பை அறிவிப்பது. நான்காம் நூற்றாண்டில் நிலையான பஞ்சாங்கம் வந்ததும் அதுவும் தேவைப்படவில்லை. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடைசித் தலைவர் ஆறாம் கமாலியேலோடு எல்லாம் முடிந்தது.

பிறகு உயிர்ப்பிக்கப் பார்த்த கதைகள் எல்லாம் பரிதாபம். 1538-ல் சஃபேது நகரில் 25 ரபிகள் கூடி, யாக்கோபு பேராப் என்பவருக்குப் பழைய முறைப்படி நீதிபதிப் பட்டம் கொடுத்தார்கள். ‘எங்களைக் கேட்காமல் எப்படி?’ என்று எருசலேமின் லேவி இப்னு ஹபீப் எதிர்த்தார். சட்ட வாதமாகத் தொடங்கியது, இளம் வயதில் போர்ச்சுகலில் அவருக்குக் கட்டாய ஞானஸ்நானம் கொடுத்ததைக் குத்திக்காட்டும் அளவுக்கு இறங்கியது. அத்தோடு முயற்சி தேய்ந்துபோயிற்று. 1807-ல் நெப்போலியன் பாரிஸில் 71 பேரை அரைவட்டமாக உட்கார வைத்து ‘மகா சன்ஹெட்ரின்’ நடத்தினான். பிரான்ஸின் சட்டத்துக்குக் கட்டுப்படுவோம் என்று அவர்கள் வாயால் சொல்லவைத்துக்கொண்டு ஒரே மாதத்தில் கலைத்தான். மறு வருஷமே யூதர்களின் வியாபாரத்தையும் கடன் கொடுப்பதையும் நெரிக்கும் ஆணை வந்தது. ரஷ்யத் திருச்சபையோ இதைக் கிறிஸ்தவத்துக்கு எதிரான சதி என்று முழங்கியது. உங்கள் யூடியூப்காரரின் சரக்கு அந்தக் காலத்துப் பழசு. 2004-ல் திபேரியாவில் 71 ரபிகள் மறுபடி கூடி ‘நாங்கள்தான் சன்ஹெட்ரின்’ என்றார்கள். இஸ்ரேல் அரசுகூட அங்கீகரிக்கவில்லை. சொந்த ஊரில் செல்லாத சபை உலகத்தை ஆட்டுகிறதாம்!

சன்ஹெட்ரின் நிஜமாக எங்கே தலைகாட்டுகிறது என்று வேண்டுமானால் சொல்கிறேன். 1966-ல் மிராண்டா வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், போலீஸ் காவலில் இருப்பவனுக்கு வாய் திறக்காமலிருக்கும் உரிமை உண்டென்று அவனிடம் சொல்லியாக வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. அதன் அடிக்குறிப்பு ஒன்றில், ஒருவன் தன் வாயால் ஒப்புக்கொண்டதை வைத்து அவனைக் குற்றவாளியாக்கக் கூடாது என்ற விதியை நீதிபதிகள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். எடுத்த இடம் மைமோனிடஸ் என்ற யூத அறிஞர் எழுதிய சட்ட நூல்; அந்தப் பகுதியின் பெயர் ‘சன்ஹெட்ரின் சட்டங்கள்’. அவரை 13-ஆம் நூற்றாண்டு ஆள் என்று போட்டுவிட்டார்கள். அவர் அந்த நூலை முடித்தது 12-ஆம் நூற்றாண்டில்.