ஆறாம் நாள் நிறுத்திய மாத்திரை

கேள்வி: வயது 43. பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் தையல் கடை வைத்திருக்கிறேன். பதினான்கு மாதம் முன்பு கோவையில் எடை குறைய இரைப்பையைச் சிறிதாக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் செய்தேன். 31 கிலோ குறைந்தது. இரண்டு மாதமாக மேல்வயிற்றில் எரிச்சல். ஒன்றரை இட்லிக்கே வயிறு உப்பிப் புளித்த ஏப்பம் வருகிறது. எண்டோஸ்கோபி பார்த்து ஹெச். பைலோரி கிருமி என்றார்கள். 14 நாள் மாத்திரை கொடுத்தார்கள். வாயெல்லாம் ஒரே கசப்பு, ஆறாம் நாளே விட்டுவிட்டேன். முழங்கால் வலிக்கு மட்டும் மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போடுகிறேன். ஆபரேஷன் வீணாகிவிட்டதா டாக்டர்?

பதில்: வீணாகவில்லை அம்மா. பைலோரி பெரும்பாலும் சின்ன வயதிலேயே தொற்றிக்கொள்வது. ஆபரேஷன் கொண்டுவந்த கிருமி அல்ல.

உங்கள் கடிதத்தில் என்னைப் பதற வைத்தது அந்த முழங்கால் மாத்திரைதான். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகை என்றால் இன்றே நிறுத்துங்கள். அவையே வயிற்றைப் புண்ணாக்கும். பைலோரியும் கூட இருந்தால் ஆபத்து பல மடங்கு. வலிக்கு வேறு என்ன போடலாம் என்று ஆபரேஷன் செய்த டாக்டரிடமே கேளுங்கள்.

மீதி எட்டு நாள் மாத்திரை டப்பாவில் இருக்கும். அதை எடுத்துப் போட்டு முடிக்க வேண்டாம். பாதியில் விட்டால் பிழைத்த கிருமி அந்த மருந்துக்கு அடங்காமல் போகலாம். பழைய அட்டைகளைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள், டாக்டர் மருந்தை மாற்றித் தரட்டும். கசப்பு கிளாரித்ரோமைசின், மெட்ரோனிடசோல் வேலை. கோர்ஸ் முடிந்ததும் போய்விடும். சாப்பிட்டபின் ஒரு ஏலக்காயை வாயில் அடக்கிக்கொள்ளுங்கள், கொஞ்சம் தாங்கும்.

புது மருந்தை முடித்து நான்கு வாரம் கழித்து, கிருமி போனதா என்று மலப் பரிசோதனை செய்ய வேண்டும். பலர் இதைச் செய்வதே இல்லை, எனக்கு அதில் தீராத வருத்தம். பரிசோதனைக்கு முன் இரண்டு வாரம் பான்டோபிரசோல் போன்ற கேஸ் மாத்திரை கூடாது. போட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டிவிடும். நிறுத்துவதை டாக்டரிடம் சொல்லிச் செய்யுங்கள்.

கிருமி போனபிறகும் எரிச்சல் நிற்காமல் இருக்கலாம். ஸ்லீவுக்குப் பின் அமிலம் மேலேறுவது சகஜம். எடை வேகமாக இறங்கியவர்களுக்குப் பித்தப்பைக் கல்லும் வரும், ஒரு ஸ்கேன் எடுத்துவிடுங்கள்.

இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். தார் மாதிரி பிசுபிசுவென்று, கெட்ட நாற்றத்தோடு போனாலோ, ரத்த வாந்தி எடுத்தாலோ, குடித்த தண்ணீர்கூடத் தங்காமல் வெளியே வந்தாலோ, கடையை அப்படியே போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.