சிறுமலையில் சிக்னல் இல்லாத இடத்தில் போன் ஜிபிஎஸ் வேலை செய்யுமா? கணினியில் வரைந்த பாதையை அதில் ஏற்றலாமா?

செய்யும். ஜிபிஎஸ் சிக்னல் செயற்கைக்கோளிலிருந்து நேரடியாக வருகிறது. நான்கு கிடைத்தால் இடம் தெரிந்துவிடும். டேட்டா இல்லாவிட்டால் முதல்முறை பிடிக்கக் கொஞ்சம் நேரமாகும், அவ்வளவுதான். காணாமல் போவது வரைபடம். அதை மதுரையிலேயே, வைஃபை இருக்கும்போது, ஆஸ்மாண்ட் மாதிரி செயலியில் இறக்கிவிடுங்கள். மலையில் ஃபிளைட் மோடு போடுங்கள். டவரைத் தேடித்தேடி பேட்டரி தீராது.

பாதையை கியூஜிஐஎஸ் என்ற கணினி வரைபட மென்பொருளில் வரைந்து ஜிபிஎக்ஸ் கோப்பாக (ஜிபிஎஸ் பாதைகளுக்கான கோப்பு வடிவம்) சேமித்தால் போனும் படிக்கும், கார்மின் கையடக்க ஜிபிஎஸ் கருவியும் படிக்கும்.

சிக்கல் வருவது பழைய சர்வே ஆஃப் இந்தியா தாள்களை ஸ்கேன் செய்து பாதைக்கு அடியில் வரைபடமாக வைப்பவர்களுக்கு. அவை எவரெஸ்ட் என்ற பழைய புவி அளவீட்டில் அமைந்தவை. ஜிபிஎஸ் பயன்படுத்துவது டபிள்யூஜிஎஸ் 84 என்ற வேறொரு அளவீடு. மாற்றாமல் பொருத்தினால் ஓடை ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம். காட்டுக்குள் நடக்க வனத்துறை அனுமதி தனி.