தண்ணீர் எங்கே போகிறது?

அன்புள்ள அக்கா,

எட்டு ஆண்டுகளாக மெல்பர்னில் இருக்கிறேன். கும்பகோணத்திலிருந்து அம்மா வந்திருந்தார். ஈஸ்டர் விடுமுறையில் அவரை முர்ரே ஆற்றங்கரையில் உள்ள மில்டுராவுக்கு அழைத்துப் போனேன். 540 கிலோமீட்டர் கார் ஓட்டிப் போனதற்கு அங்கே பார்க்க ஒன்றுமில்லை. ஆற்றில் ஒரு துடுப்புச் சக்கரப் படகு, டிராக்டர் இழுக்கும் வண்டியில் ஆரஞ்சுத் தோட்டம், பக்கத்து ரெட் கிளிஃப்ஸில் ‘பிக் லிஸ்ஸி’ என்ற பழைய ராட்சத இயந்திரம், வழியெல்லாம் நீளநீளமான கோழிப்பண்ணைகள். சாப்பாடும் சுமார்தான். அம்மா படகில் உட்கார்ந்துகொண்டு, “இவ்வளவு தண்ணீரும் எங்கே போகிறது?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பயணக்கட்டுரை எழுத உட்கார்ந்தேன். நான்கு பத்திக்கு மேல் நகரவில்லை. வெறும் 130 ஆண்டு வயதுள்ள, வரலாறே இல்லாத ஓர் ஊரைப் பற்றி என்ன எழுதுவது?

ஆர்., மெல்பர்ன்

*

அன்புள்ள ஆர்.,

வழியில் நீங்கள் பார்த்தவை கோழிப்பண்ணைகள் அல்ல. இதைச் சொல்லாவிட்டால் எனக்கு மேற்கொண்டு எழுத ஓடாது. அவை என்ன என்பதற்குப் பிறகு வருகிறேன்.

சாப்பாட்டுப் புகாருக்கு என்னிடம் பதில் இல்லை. ஊருக்கு ஊர் சாம்பார் தேடுகிறவர்களுக்கு நான் வைத்தியம் பார்ப்பதில்லை. படகைப் பற்றியும் ஒரு வரிதான்: நீங்கள் ஏறியது ‘மெல்பர்ன்’ என்ற படகாக இருந்தால், அது 1912-இல் கட்டியது, விறகு எரித்து நீராவியில் ஓடுவது. மேல்தளத்தில் செல்ஃபி எடுத்த நேரத்தில் கீழே போய் அதன் அடுப்பை எட்டிப் பார்த்திருக்கலாம்.

‘வெறும் 130 ஆண்டு’ என்பதை மட்டும் விடமாட்டேன். மில்டுராவிலிருந்து 110 கிலோமீட்டரில் முங்கோ ஏரி இருக்கிறது. பேர்தான் ஏரி, வற்றிப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. 1968-இல் அதன் கரை மணலில் ஒரு பெண்ணின் எரிந்த எலும்புகள் கிடைத்தன. சுமார் 40,000 ஆண்டுகளுக்கு முன்னால் அவளைச் சேர்ந்தவர்கள் முறையாகத் தகனம் செய்திருக்கிறார்கள். இதுவரை தெரிந்த தகனங்களில் மிகப் பழையவற்றுள் ஒன்று அது. மில்டுரா நிற்பது லாட்ஜி லாட்ஜி மக்களின் மண். அவர்களை ஒரு சொல்லில் அழித்துவிட்டு வரலாறு இல்லை என்கிறீர்கள். கோபுரம் கண்ணில் பட்டால்தான் நமக்கு வரலாறு. நீங்கள் கும்பகோணத்துக்காரர் வேறு, கேட்கவே வேண்டாம்.

சரி, உங்கள் 130 ஆண்டுக்கே வருவோம். அதில் மட்டும் என்ன குறைச்சல்?

1885-இல் உங்கள் மெல்பர்ன் இருக்கும் விக்டோரியாவின் அமைச்சர் ஆல்ஃபிரட் டீக்கின் பாசனம் பார்க்கக் கலிஃபோர்னியாவுக்குப் போனார். அப்போது வயது 28. பின்னாளில் மூன்று முறை ஆஸ்திரேலியப் பிரதமரானவர். வறண்ட நிலத்தில் தண்ணீர் கொண்டுவந்து பழத்தோட்ட ஊர்களை உண்டாக்கிக்கொண்டிருந்த ஜார்ஜ் சாஃபி, வில்லியம் சாஃபி என்ற கனடாச் சகோதரர்களை அங்கே சந்தித்தார். அவர்கள் ஆஸ்திரேலியாவுக்கு வந்தார்கள். முர்ரே ஆற்றங்கரையில் 250,000 ஏக்கர் ஒதுக்கப்பட்டது. இருபது ஆண்டுகளில் 300,000 பவுண்டு செலவழித்து அதை மேம்படுத்துவதாக ஒப்பந்தம். ஆண்டுக்கு 300 மில்லிமீட்டர்கூட மழை பெய்யாத புதர்க்காடு அது. 1887-இல் மில்டுரா பிறந்தது. டீக்கினுக்கு அத்துடன் ஆசை அடங்கவில்லை. 1890-இல் கப்பலேறி இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்து, நம் பாசன முறைகளைப் பார்த்து ஒரு புத்தகமே எழுதினார். ஏரியையும் கால்வாயையும் பார்க்க அவர் கடல் தாண்டி வந்தார். நீங்கள் அவர் பெயர் வைத்த தெருவில் கார் ஓட்டிப் போயும் ஒரு வாய்க்காலைக் கண்ணெடுத்துப் பார்க்கவில்லை.

நீங்கள் பார்த்திருக்க வேண்டியது சைக்கி பெண்ட். ஊரிலிருந்து காரில் சில நிமிடம். 1891-இல் ஜார்ஜ் சாஃபி வடிவமைத்து, பர்மிங்ஹாமில் வார்த்து, கப்பலில் கொண்டுவந்து நிறுத்திய நீராவிப் பம்பு அங்கே இருக்கிறது. ஆற்றுத் தண்ணீரை ஏற்றி ஒரு பழைய ஆற்றுக் கிளையில் விட்டு, அங்கிருந்து இன்னும் மேலே, படிப்படியாக மேட்டு வாய்க்கால்களுக்கு ஏற்றினார்கள். 1959 வரை ஓடியது. இன்றும் சில நாள்களில் தொண்டர்கள் அதற்கு நெருப்பு மூட்டுகிறார்கள். நான் போன அன்று ஒரு முதியவர் எண்ணெய்க் குவளையோடு இயந்திரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். சூடு பார்க்க ஒவ்வொரு தாங்கியையும் புறங்கையால் தொட்டார். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோல அவ்வளவு மெதுவாக. அந்தக் கொட்டகையில் அரைமணி நேரம் நின்றிருந்தால் உங்களுக்கு ஐந்தாவது பத்தி தானாக வந்திருக்கும்.

இனி, அந்தத் திட்டம் எப்படிப் படுத்தது என்பது. வாய்க்கால்களுக்குப் பூச்சு இல்லை. யாபி என்ற நன்னீர் இறால் கரையில் வளை தோண்டியது. தண்ணீர் தோட்டத்துக்குப் போகாமல் மணலுக்குப் போயிற்று. வரப்பில் நண்டு வளை வைத்தால் என்ன ஆகும் என்று உங்கள் அம்மாவைக் கேளுங்கள், ஒரு மணி நேரம் சொல்வார். ரயில் வந்து சேர்ந்தது 1903-இல்தான். அதுவரை படகு, ஆற்றில் தண்ணீர் இறங்கினால் அதுவும் இல்லை. பழுத்த பழம் கரையில் கிடந்து அழுகியது. 1893-இல் வங்கிகள் கவிழ்ந்தன. 1895-இல் சாஃபிகளின் கம்பெனி திவால். அடுத்த ஆண்டு விசாரணைக் கமிஷன் பழியை அண்ணன் தம்பி தலையில் வைத்தது.

1897-இல் ஜார்ஜ் அமெரிக்காவுக்குத் திரும்பிப் போனார். போனவர் சும்மா இருக்கவில்லை. கொலராடோ ஆற்றுத் தண்ணீரைத் திருப்பி இம்பீரியல் பள்ளத்தாக்கு என்று அவரே பெயர் சூட்டிய இன்னொரு பாலைவனத்துக்குக் கொண்டுபோனார். மேதை, சந்தேகமில்லை. வில்லியம் போகவில்லை. கடனோடும் கெட்ட பேரோடும் அதே ஊரில் இருந்தார். தன் தோட்டத்தைப் பார்த்தார், உலர்பழ விவசாயிகளின் சங்கத்தை நடத்தினார், 1920-இல் ஊரின் முதல் மேயரானார், 1926-இல் அங்கேயே செத்தார். டீக்கின் அவென்யூவில் நிற்கிற சிலை அவருடையது. அதைத் தாண்டித்தான் நீங்கள் விடுதிக்குப் போயிருப்பீர்கள்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு பழைய கோபம் உண்டு. நான் கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவள். சாஃபிகள் திவாலான அதே 1895-இல்தான் பெரியாறு அணை திறந்து எங்கள் பக்கம் தண்ணீர் திரும்பியது. இன்றும் எங்கள் ஊர்களில் பென்னிகுயிக் படத்துக்கு மாலை போடுகிறார்கள், அவர் பிறந்த நாளில் பொங்கல் வைக்கிறார்கள். வைக்கட்டும், வேண்டியதுதான். ஆனால் முறைத்தண்ணீருக்காக நள்ளிரவில் மண்வெட்டியோடு போன நீர்பாய்ச்சியின் படம் எந்த வீட்டில் இருக்கிறது? பாம்பு கடித்துச் செத்த நீர்பாய்ச்சி ஒருவரை எனக்குத் தெரியும். இன்று அவர் பேரனுக்கே அவர் பெயர் சரியாகத் தெரியாது. திட்டம் போட்டவனை ஊர் நினைவு வைத்துக்கொள்கிறது. அதற்குப் பிறகு ஐம்பது ஆண்டு அதை ஓட்டியவனை மறந்துவிடுகிறது. மில்டுராவும் இதில் முழு உத்தமம் இல்லை. கம்பெனி கவிழ்ந்த 1895-இல் அங்கிருந்த விவசாயிகளே ஓர் அறக்கட்டளை அமைத்துப் பம்புகளை ஏற்று நடத்தினார்கள். அது 2008 வரை இருந்தது. அவர்களுக்குச் சிலை இல்லை. ஆனாலும், அண்ணன் தம்பி இருவரில் போனவருக்கு அல்ல, அங்கேயே தங்கியவருக்குச் சிலை வைத்த ஊர் அது. எனக்கு அதுவே போதும்.

உங்கள் பிக் லிஸ்ஸிகூட அப்படி அங்கேயே தங்கிப்போன சாதிதான். ஃபிராங்க் பாட்ரில் என்பவர் அதை மெல்பர்னில் கட்டினார். புரோக்கன் ஹில் சுரங்க ஊருக்குப் பாரம் இழுக்கப் போக வேண்டியது. 1917-இல் மில்டுரா வந்து சேர்ந்தபோது முர்ரேயில் வெள்ளம், கடக்க முடியவில்லை. நின்ற இடத்திலேயே வேலை கிடைத்தது: ரெட் கிளிஃப்ஸில் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்கு நிலம் கொடுக்கப் புதர்க்காட்டை வேரோடு பிடுங்கிப் போட்டது. இதைத்தான் ‘பழைய இயந்திரம்’ என்று ஒரு சொல்லில் கடந்து போயிருக்கிறீர்கள்.

(இன்னொன்று. மில்டுரா தொடங்கும்போது மதுக்கடைக்கு உரிமம் கிடையாது. ஒழுக்கமான ஊராக வரவேண்டும் என்று சாஃபிகளின் கனவு. இன்று கிராண்ட் ஹோட்டலாக இருப்பது அன்று ‘காப்பி மாளிகை’. உரிமம் இல்லாத ஊரில் மன்றங்கள் முளைத்தன. உழைப்பாளர் மன்றம் ஒன்று, உலகத்திலேயே நீளமான மதுமேடை எங்களுடையது என்று பெருமை பேசும் நிலைக்கு வந்தது. இதை வைத்தே நீங்கள் ஒரு கட்டுரை எழுதலாம்.)

இப்போது அந்தக் கோழிப்பண்ணைகள்.

சில ஆண்டுகளுக்கு முன் பிப்ரவரி கடைசியில் ஒரு நண்பர் என்னை அங்கே ஒரு திராட்சைக்காரரின் தோட்டத்துக்கு அழைத்துப் போனார். சிறு தோட்டக்காரர்களை அங்கே ‘பிளாக்கி’ என்பார்கள். இவர் எழுபது வயது தாண்டியவர், தந்தை காலத்தில் இத்தாலியிலிருந்து வந்த குடும்பம். நீங்கள் கோழி வளர்ப்பதாக நினைத்த அந்தக் கொட்டகை ஐம்பது மீட்டர் நீளம். மேலே தகரம், கீழே எட்டு அடுக்குக் கம்பிவலை. ஒவ்வொரு அடுக்கிலும் சுல்தானா திராட்சைக் குலைகள். அவற்றின் மேல் பொட்டாஷும் எண்ணெயும் கலந்த நீரைத் தெளிக்கிறார்கள். திராட்சைத் தோலில் மெழுகு மாதிரி ஒரு பூச்சு இருக்கிறதல்லவா, அதை அது இளக்கிவிடும், உள்ளே இருக்கிற ஈரம் சீக்கிரம் வெளியேறும். சாம்பல் தண்ணீரும் எண்ணெயுமாக மத்தியதரைக்கடல் பக்கத்தில் காலங்காலமாகச் செய்தது. இரண்டு வாரத்தில் பச்சை பொன்னிறமாகும். உங்கள் வீட்டுப் பாயசத்தில் உப்பி மிதக்கிற காய்ந்த திராட்சையின் கதை இதுதான்.

அவர் பாதி காய்ந்த ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். பழமும் இல்லை, வற்றலும் இல்லை. விரலில் ஒட்டியது, லேசாகச் சாம்பல் வாசம். நான் தின்பதை அவர் பார்க்கவில்லை. மேற்கே ஒரு துண்டு மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மழை வந்தால் அடுக்கில் இருப்பதெல்லாம் பூசணம் பிடிக்கும்.

என் அப்பா கம்பத்தில் மூன்று ஏக்கர் பன்னீர் திராட்சை வைத்திருந்தார். கல்தூண் பந்தல். கவாத்து முடிந்த நாளிலிருந்து அறுப்பு வரை விரலை மடக்கி நாள் எண்ணுவார். அறுப்புக்கு முந்தின வாரம் அவரிடம் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டோம். பந்தலுக்கு அடியில் நின்று, இலைச் சந்து வழியாக மேற்கு மலையைப் பார்த்துக்கொண்டே இருப்பார். ஒரு மழை போதும், பழுத்த பழம் வெடித்து ஈ மொய்த்துவிடும். ஒரு வருடம் அப்படியே ஆயிற்று. அன்று அவர் வீட்டுக்குள் வராமல் பந்தலுக்கு அடியிலேயே படுத்துக்கொண்டார். அம்மா சாப்பாட்டை அங்கே கொண்டுபோய் வைத்தார். அந்த இத்தாலிக்காரர் மேகத்தைப் பார்த்த நேரத்தில் என் வாயில் இருந்த திராட்சையை விழுங்க முடியவில்லை.

உங்களைத் திட்டுவது இதற்காகத்தான். உங்கள் காரில் ஒருவர் இதையெல்லாம் பார்த்திருக்கிறார். உங்கள் அம்மா. “இவ்வளவு தண்ணீரும் எங்கே போகிறது?” அந்தப் பயணத்தில் கேட்கத் தகுந்த கேள்வி அது ஒன்றுதான். அதற்கு நீங்கள் சிரித்தீர்கள். காவிரியில் தண்ணீர் வருமா வராதா என்று ஆயுள் முழுவதும் காத்திருந்த ஊர்க்காரி, ஆற்றைக் கண்டால் வேறு என்ன கேட்பார்?

பதிலை நானே சொல்கிறேன், போனில் அவருக்குப் படித்துக் காட்டுங்கள். அந்தத் தண்ணீரில் ஒரு பங்கு திராட்சைக்கும் ஆரஞ்சுக்கும் பாதாமுக்கும் போகிறது. மிச்சம் மாநில எல்லை தாண்டி ரென்மார்க் போகிறது. அதுவும் சாஃபிகள் உண்டாக்கிய ஊர்தான். அப்புறம் குழாய் வழியே அடிலெய்டு வீடுகளுக்கு. கடைசியில் கடலுக்கு. எல்லா வருடமும் அல்ல: இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த பெரிய வறட்சியில் முகத்துவாரம் மணலால் அடைந்து, ஆண்டுக்கணக்கில் இயந்திரம் வைத்துத் தூர் வாரினார்கள். இன்னொன்றையும் சொல்லுங்கள், நம்பமாட்டார்: 2007-லிருந்து விக்டோரியாவில் நிலம் வேறு, தண்ணீர் உரிமை வேறு. தண்ணீரை மட்டும் தனியாக விற்கலாம். அந்த வறட்சியில் பலர் விற்றார்கள். நான் போன தோட்டத்துக்கு அடுத்த தோட்டத்தில் கொடிகளைப் பிடுங்கிக் குவித்திருந்தார்கள், தூண்கள் மட்டும் வரிசையாக நின்றன.

கட்டுரையில் என்ன எழுதுவது என்று கேட்டிருந்தீர்கள். அம்மாவை எழுதச் சொல்லுங்கள்.

அடுத்த முறை அவர் வரும்போது பிப்ரவரியில் வரட்டும். பம்பு ஓடுகிற நாள் எது என்று முன்கூட்டியே விசாரித்துவிட்டுப் போங்கள். அங்கிருந்து ரென்மார்க் வரை ஓட்டினால், யாம்பாவில் ஒரு சோதனைச் சாவடி உண்டு. பழ ஈ வந்துவிடக்கூடாது என்று காரில் இருக்கும் பழத்தையெல்லாம் வாங்கிக் குப்பையில் போட்டுவிடுவார்கள். அம்மா மடியில் ஒரு பை ஆரஞ்சு கொடுங்கள். சாவடி வருவதற்குள் இருவருமாக உரித்துத் தின்றுவிடுங்கள்.