மூன்று ஆண்டு நிபந்தனை

கேள்வி: நாங்கள் அமெரிக்காவில் வசிக்கிறோம். கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கும் என் மகளுக்கு ட்ரூமன் உதவித்தொகை கிடைத்திருக்கிறது. சட்டம் படித்து, வாடகை வீட்டிலிருந்து வெளியேற்றப்படுபவர்களுக்காக வாதாட வேண்டும், அது தொடர்பான சட்டங்களை மாற்றப் பாடுபட வேண்டும் என்கிறாள். மூன்று ஆண்டுகள் பொதுப்பணியில் இருந்தே தீர வேண்டும் என்ற நிபந்தனையைப் பார்த்து நானும் என் கணவரும் கலங்குகிறோம். வேண்டாம் என்று தடுக்கலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் மகளுக்கு என் மனமார்ந்த வாழ்த்துகளைச் சொல்லுங்கள். முன்னாள் அதிபர் ஹாரி ட்ரூமனின் நினைவாக 1975இல் சட்டமாகி, பொதுப்பணிக்கு வர விரும்பும் மாணவர்களைத் தேர்ந்தெடுத்து வழங்கப்படும் இந்த உதவித்தொகை, ஆண்டுக்கு ஏறத்தாழ அறுபது பேருக்குத்தான் கிடைக்கிறது.

நிபந்தனை நீங்கள் அஞ்சுமளவுக்கு இறுக்கமானதன்று. மேற்படிப்பை முடித்த பின் வரும் ஏழு ஆண்டுகளில் ஏதேனும் மூன்று ஆண்டுகள் பொதுப்பணியில் இருந்தால் போதும். அரசு அலுவலகம், பள்ளி, லாப நோக்கற்ற அமைப்பு, மக்கள் நலனுக்காகக் குரல் கொடுக்கும் அமைப்பு எல்லாமே அதில் அடங்கும். தவறினால் பணத்தை வட்டியோடு திருப்பித் தர வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் உங்கள் மகள் செய்ய விரும்புவதே அந்தப் பணி என்னும்போது அது அவளுக்கு எப்படித் தளையாகும்? இதே உதவித்தொகையைப் பெற்றவர்களில் பழமைவாதியான உச்ச நீதிமன்ற நீதிபதி நீல் கோர்சச்சும் இருக்கிறார், ஜார்ஜியா மாநிலத்தின் ஜனநாயகக் கட்சித் தலைவர்களில் ஒருவரான ஸ்டேசி ஏப்ரம்ஸும் இருக்கிறார். அரசியலில் எதிரெதிர்த் திசைகளில் நிற்பவர்கள் இவர்கள்.

நீங்கள் கவலைப்பட வேண்டியது கடனைப் பற்றி. உதவித்தொகை அதிகபட்சம் 30,000 டாலர். மூன்றாண்டுச் சட்டப் படிப்புக்கு ஆகும் செலவில் அது ஒரு பகுதிதான். மனம் நிறைய ஆசையோடு பொதுநல வழக்குகளுக்கு வந்த இளைஞர்கள், மாதத் தவணையைக் கட்ட முடியாமல் பெருநிறுவனங்களின் பக்கம் திரும்பியதைக் கண்டு வருந்தியிருக்கிறேன். ஆகவே இப்போதே மகளோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். அரசிடமோ தகுதியுள்ள லாப நோக்கற்ற அமைப்பிலோ முழுநேரமாக வேலை செய்துகொண்டே 120 மாதத் தவணைகளைச் செலுத்தியவருக்கு மீதிக் கல்விக் கடனைத் தள்ளுபடி செய்யும் திட்டம் 2007 முதல் நடப்பில் உள்ளது. தனியார் வங்கிக் கடனுக்கு அது பொருந்தாது என்பதால், எந்தக் கடனை வாங்குகிறாள் என்பதில் கவனம் தேவை. பொதுப்பணிக்குச் செல்லும் பட்டதாரிகளின் தவணையில் ஒரு பங்கைத் தாமே ஏற்கும் சட்டக் கல்லூரிகளும் உண்டு. விண்ணப்பிக்கும் முன்பே அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

அவள் தேர்ந்தெடுத்த துறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. வீட்டு உரிமையாளர் வழக்கறிஞரோடு வருவார். மடியில் குழந்தையும் கையில் கசங்கிய நோட்டீசுமாக வாடகைதாரர் தனியாக நிற்பார். சில நிமிடங்களில் வழக்கு முடிந்துவிடும். நியூயார்க் நகரம் 2017இல் இத்தகைய வாடகைதாரர்களுக்கு வழக்கறிஞர் பெறும் உரிமையைச் சட்டமாக்கியது என்றால், அதற்குப் பின்னால் பல ஆண்டுகள் விடாமல் வாதாடியவர்களின் உழைப்பு இருக்கிறது. உங்கள் மகள் சேர விரும்புவது அவர்களோடுதான்.

தடுப்பதற்கு முன், ஒரு நாள் காலை அவளோடு உங்கள் ஊர் நீதிமன்றத்துக்குச் சென்று, வெளியேற்ற வழக்குகள் நடக்கும் அறையில் பின்வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். உங்கள் கணவரையும் அழைத்துச் செல்லுங்கள்.