பொறுப்பு உங்களுடையது, இலக்கு யாருடையது?

கேள்வி: கணவன், தந்தை, மகன், வங்கிக் கிளை மேலாளர் என்று என் நான்கு பொறுப்புகளுக்கும் தனித்தனியே இலக்கு வகுத்து ஜனவரியில் டைரியில் எழுதினேன். மனைவி மீண்டும் வேலைக்குப் போக வேண்டும், மகள் நீட் தேர்வில் 720க்கு 600 வாங்க வேண்டும், அம்மாவைக் காசிக்கு அழைத்துச் செல்ல வேண்டும், எங்கள் கிளை மண்டலத்தில் முதலிடம் பெற வேண்டும். ஆண்டு முடியப் போகிறது, ஒன்றும் நடக்கவில்லை. எனக்கு மனவுறுதி போதவில்லையா?
- வாசகர், திண்டிவனம்

பதில்: உங்கள் மனவுறுதியைக் குறை சொல்ல மாட்டேன், கோளாறு பட்டியலில் இருக்கிறது. தந்தை என்று தலைப்பிட்டு மகளின் வேலையை எழுதியிருக்கிறீர்கள்; கணவன் என்று தலைப்பிட்டு மனைவி எடுக்க வேண்டிய முடிவை எழுதியிருக்கிறீர்கள். மதிப்பெண் வாங்குவது மகளின் பாடு. மாதிரித் தேர்வில் அவளுக்கு மதிப்பெண் குறைந்த நாளில் பக்கத்து வீட்டுப் பிள்ளை எவ்வளவு வாங்கினான் என்று விசாரிக்காமல் இருப்பதும், அவள் படிக்கும் நேரத்தில் தொலைக்காட்சியை அணைத்து வைப்பதும், மருத்துவம் வேண்டாம் என்று ஒருநாள் அவள் வாய் திறந்தால் குறுக்கிடாமல் கடைசிவரை கேட்பதும்தான் தந்தையாகிய உங்கள் கையில் இருப்பவை. இவற்றில் ஒன்றுகூட டைரியில் இல்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின் இளம் வயதில் தமக்கென 13 நற்பண்புகளைக் குறித்து வைத்துக்கொண்டு, வாரத்துக்கு ஒன்றில் மட்டும் தனிக் கவனம் செலுத்தி, தவறிய இடங்களில் ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தில் கரும்புள்ளி வைத்து வந்தார். 13 வாரத்தில் ஒரு சுற்று. ஆண்டுக்கு நான்கு சுற்று. மிதமான உணவு, வீண்பேச்சைத் தவிர்த்தல், சிக்கனம் என அந்தப் பட்டியல் முழுவதும் அவருடைய நடத்தையைப் பற்றியதே. அடுத்தவர் நிறைவேற்றித் தர வேண்டியது அதில் எதுவும் இல்லை. ஒழுங்கு என்ற பண்பு மட்டும் அவருக்குக் கடைசிவரை சரியாக வசப்படவில்லை, அதையும் அவரே எழுதி வைத்திருக்கிறார். நீங்களோ நான்கு பேரின் வாழ்க்கையை ஒரே ஜனவரியில் மாற்றிவிட நினைத்தீர்கள்.

கிளையின் முதலிடம் மற்றக் கிளைகளையும் பொறுத்தது என்பதால் அதை அலுவலகத்திலேயே விட்டுவிடுங்கள். காசிப் பயணம் ஒன்றுதான் நீங்களே செய்யக்கூடியது. ஆனால் அது அம்மாவின் ஆசையா, உங்கள் ஆசையா என்று கடிதத்தில் தெரியவில்லை. முழங்கால் வலியோடு இரண்டு நாள் ரயிலில் போவதைவிட, மாலையில் மகன் கைப்பேசியைத் தள்ளி வைத்துவிட்டு அரைமணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதை அவர் விரும்பக்கூடும். அடுத்த ஆண்டு டைரியைத் திறப்பதற்கு முன் அம்மாவிடமும் மனைவியிடமும் மகளிடமும், "என்னிடம் உனக்கு என்ன வேண்டும்?" என்று தனித்தனியே கேளுங்கள். வரும் பதில்களில் ஒன்றை மட்டும் எடுத்து ஜனவரி மாதத்துக்கு எழுதுங்கள். மற்றவை பிப்ரவரிக்குக் காத்திருக்கட்டும்.