சான்றிதழ் தேர்வை ஊரிலேயே எழுதுவதா, ஜெர்மனி வந்து எழுதுவதா?

தம்பி, உங்கள் கேள்வி நீளமானது. மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று முதலில் சுருக்கிவிடுகிறேன். சொந்த ஊர் ஏற்காடு நாகலூர். கோவையில் மூன்று வருடம் சிஸ்டம் அட்மின் வேலை. ஜெர்மனியில் வேலை தேடுவதற்கான வாய்ப்பு அட்டை விசா வந்துவிட்டது, இரண்டு மாதத்தில் ஜெர்மனிக்கு விமானம். படிப்புக்கு என்று ஒரு லட்சம் ஒதுக்கியிருக்கிறீர்கள். சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு பயிற்சி மையம் அசூர் (மைக்ரோசாப்டின் கிளவுட்), ஏடபிள்யூஎஸ் (அமேசானின் கிளவுட்), சிசிஎன்ஏ (சிஸ்கோவின் நெட்வொர்க் சான்றிதழ்) மூன்றுக்கும் சேர்த்து 95,000 ரூபாய் கேட்கிறது, 'தேர்ச்சி உறுதி' என்கிறது. "கட்டலாமா அக்கா, இல்லை அங்கே வந்து எழுதிக்கொள்ளவா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கட்ட வேண்டாம். அசூர் ஒன்றை மட்டும் எழுதுங்கள். அதையும் விமானம் ஏறுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

காரணம் விலைதான். மைக்ரோசாப்ட் தேர்வுக்கு நீங்கள் எந்த நாட்டில் உட்கார்ந்து எழுதுகிறீர்களோ அந்த நாட்டு விலை. அட்மின்களுக்கான அசூர் தேர்வு ஏஇசட்-104 ஜெர்மனியில் 165 யூரோ. இந்தியாவில் ஐயாயிரம் ரூபாய்க்குப் பக்கத்தில், ஜிஎஸ்டி தனி. இங்கே ஜெர்மனியில் ஒரு தடவை கட்டும் பணத்தில் அங்கே ஊரில் ஏறக்குறைய மூன்று தடவை எழுதிவிடலாம். வேலை கிடைக்கும்வரை 165 யூரோ சின்னத் தொகை இல்லை. உங்கள் விசாவுக்கே 2025-இல் மாதம் 1,091 யூரோ செலவுக்கு இருப்பதாகக் காட்டச் சொன்னார்கள், அந்தப் பணத்தில்தான் வாடகையும் போக வேண்டும்.

மற்ற இரண்டும் டாலர் கணக்கு. ஏடபிள்யூஎஸ் அசோசியேட் 150 டாலர், சிசிஎன்ஏ 300 டாலர். அங்கே 18 சதவீத ஜிஎஸ்டி, இங்கே 19 சதவீத வரி. ஊரில் எழுதுவதால் பெரிதாக ஒன்றும் மிச்சமாகாது. டாலருக்கு 88 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மூன்று தேர்வுக்கும் வரியோடு 52,000 ரூபாய்ச் சொச்சம். மீதி நாற்பதாயிரத்துக்கு மேல் பயிற்சி மையத்துக்குப் போகிறது. அந்த 'தேர்ச்சி உறுதி'க்கு என்ன அர்த்தம் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் கசிந்த கேள்விகளை மனப்பாடம் செய்யச் சொல்வார்கள், இல்லாவிட்டால் வேறு யாரையாவது எழுத வைப்பார்கள். கண்டுபிடித்தால் சான்றிதழை ரத்து செய்வதோடு நிற்காது, மேற்கொண்டு தேர்வே எழுத முடியாதபடி தடையும் வரும்.

கண்டுபிடிக்காவிட்டாலும் நேர்காணலில் தெரிந்துவிடும். ஸ்டுட்கார்ட்டில் எங்கள் குழுவுக்கு ஆள் எடுக்கும்போது நானும் உட்காருவேன். சான்றிதழ் எண்ணிக்கையை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. "ஒரு வெர்ச்சுவல் மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது, ஆனால் உள்ளே நுழைய முடியவில்லை. முதலில் எதைப் பார்ப்பீர்கள்?" என்று கேட்டு, மார்க்கரைக் கையில் கொடுத்து பலகைக்கு அனுப்புவோம். நெட்வொர்க் பாதுகாப்பு விதியைப் பார்ப்பேன், அப்புறம் ரூட்டிங், அப்புறம் மெஷினுக்குள் ஃபயர்வால் என்று தட்டுத்தடுமாறியாவது வரிசையாகச் சொல்பவர் தேறுவார். மூன்று சான்றிதழ் வைத்திருந்தும் படம் வரைய முடியாமல் போனவர்கள் உண்டு. நீங்கள் இதுவரை பார்த்தது விண்டோஸ் சர்வரும் ஆக்டிவ் டைரக்டரியும். ஏஇசட்-104 அதன் தொடர்ச்சிதான். இங்குள்ள நடுத்தரக் கம்பெனிகள் பலவும் மைக்ரோசாப்ட் மென்பொருளில் ஓடுபவை. ரூட்டர், ஸ்விட்ச் பக்கம் போகும் எண்ணம் இல்லையென்றால் சிசிஎன்ஏவை விட்டுவிடுங்கள்.

படிக்க மைக்ரோசாப்ட் லேர்ன் தளமே போதும், மாதிரித் தேர்வும் அங்கே இலவசம். தவறினால் 24 மணி நேரம் கழித்து மறுபடி எழுதலாம், ஆனால் முழுக் கட்டணம். அதற்கடுத்த முறைக்கு 14 நாள் காத்திருக்க வேண்டும். அதனால் தேதியைக் கிளம்பும் வாரத்துக்குத் தள்ளாதீர்கள். இந்தச் சான்றிதழ் ஒரு வருடம்தான் செல்லும் என்று பயமுறுத்துவார்கள். புதுப்பிப்பதற்குக் காசு கிடையாது, வீட்டிலிருந்தே இணையத்தில் ஒரு சின்ன மதிப்பீடு எழுதினால் சரி.

இப்போது எங்கே உட்கார்ந்து எழுதுவது என்பது. வீட்டிலிருந்தே எழுதலாம் என்பதை நம்பி நாகலூரில் பதிவு செய்துவிடாதீர்கள். தொடங்குவதற்கு முன்னால் அறையின் நான்கு பக்கமும் படம் எடுத்து அனுப்ப வேண்டும். மேசையில் ஒரு துண்டுக் காகிதம் இருக்கக்கூடாது. நடுவில் யாராவது உள்ளே வந்தால் தேர்வு அத்தோடு நிற்கலாம், கட்டிய பணமும் போகலாம். "காபி ஆறுது பாரு" என்று பாட்டி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தால் கேமராவுக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு உறவுமுறை சொல்லிக்கொண்டிருக்க முடியாது. மலையில் மழைக்காலத்து கரண்ட்டும் நெட்டும் எப்படி என்று நான் சொல்லத் தேவையில்லை. என் அம்மா வீடு சேலம் குகைப் பகுதியில், பக்கத்து வீட்டில் விடிந்ததிலிருந்து தறி ஓடும். அங்கேயும் உட்காரச் சொல்ல மாட்டேன். கோவைதான் உங்களுக்குப் பழகிய ஊராயிற்றே, அங்கே தேர்வு மையத்தில் இடம் பிடித்து எழுதுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, ரயிலும் ஏற வேண்டும்தான். ஆனாலும் நிம்மதி.

பதிவு செய்யும்போது பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்கட்டும். நம் இனிஷியல் பழக்கத்தில் கல்லூரிச் சான்றிதழில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து இன்னொரு மாதிரி இருக்கும். மையத்தில் அடையாள அட்டைப் பெயர் ஒத்துப்போகாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். இங்கே வந்த பிறகு உங்களிடம் இருக்கப்போகும் அடையாளமும் பாஸ்போர்ட்தான்.

ஏடபிள்யூஎஸ் வேண்டுமானால் வேலை கிடைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். வேலைக்குத் தேவையான தேர்வு என்றால் பல கம்பெனிகள் கட்டணத்தைத் தாங்களே கட்டும். முதல் ஆறு மாதத்தில் கேட்கக் கூச்சமாக இருக்கும், ஆனாலும் கேளுங்கள். பெரிய பயிற்சிக்குப் பணம் கொடுத்தால், சீக்கிரம் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்று ஒப்பந்தம் நீட்டுவார்கள். எத்தனை மாதம் என்பதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பவேரியா தவிர்த்த பெரும்பாலான மாநிலங்களில் படிப்புக்கு என்றே வருடத்தில் ஐந்து நாள் சம்பளத்தோடு விடுப்பு உண்டு, அங்கீகரித்த வகுப்பாக இருந்தால்.

கைக்காசு போட்டு எழுதினாலும் ரசீதை வைத்திருங்கள். வேலைக்காகச் செய்த செலவை வரிக் கணக்கில் காட்டலாம், வேலை கிடைப்பதற்கு முன்பே செய்ததாக இருந்தாலும். ஆனால் சம்பளக்காரர் எல்லோருக்கும் 1,230 யூரோவைச் செலவு என்று வரிக் கணக்கில் தானாகவே கழித்துவிடுகிறார்கள். மொத்தச் செலவு அதைத் தாண்டினால்தான் ரசீதுக்கு வேலை.

சரி, மிச்சமாகும் பணம். அதை அப்படியே ஜெர்மன் மொழிக்குப் போடுங்கள். உங்கள் விசாவுக்கான புள்ளிக் கணக்கையே எடுத்துப் பாருங்கள்: ஜெர்மன் ஏ2 நிலைக்கு ஒரு புள்ளி, பி1-க்கு இரண்டு, பி2-க்கு மூன்று. ஏடபிள்யூஎஸ், சிசிஎன்ஏ என்று தனியாக ஒரு புள்ளியும் கிடையாது. பெர்லினில் ஆங்கிலத்தை வைத்து ஓட்டலாம். நீங்கள் தேடப்போகும் அட்மின் வேலையில் போனை எடுத்தால் அந்தப் பக்கம் ஒரு கணக்குப் பிரிவு அம்மா ஜெர்மனில் பிரிண்டரைத் திட்டிக்கொண்டிருப்பார். ஏ1 முடித்திருப்பதாகச் சொன்னீர்கள், நல்லது. இந்த இரண்டு மாதமும் தினம் ஒரு வகுப்பு வையுங்கள். இங்கே வந்ததும் நகரத்து மக்கள் கல்விக்கூடத்தில் (ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலே) சேருங்கள், தனியார் பள்ளிகளைவிடக் கட்டணம் பொதுவாகக் குறைவு.

இன்னொன்று, இதற்கு ஒரு பைசா செலவில்லை. கோவைக் கம்பெனியிடம் அனுபவக் கடிதம் வாங்கும்போது சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவியோடு நிறுத்தாமல் என்னென்ன வேலை பார்த்தீர்கள், எத்தனை சர்வர், எந்த மென்பொருள் என்று எழுதி வாங்குங்கள். இங்கே விண்ணப்பத்தோடு அதைக் கட்டாயம் கேட்பார்கள், வரிவரியாகப் படிப்பார்கள். எச்ஆர் ஆட்கள் ஒரு பத்தியில் முடிக்கத்தான் பார்ப்பார்கள். நீங்களே தட்டச்சு செய்து கொண்டுபோய்க் கொடுத்து, லெட்டர்ஹெட்டில் கையெழுத்தும் முத்திரையும் மட்டும் கேளுங்கள். அதை இந்த வாரமே செய்துவிடுங்கள்.