முன்சக்கரக் கோணங்களும் கார்ட்டின் திரும்பும் குணமும்: கேள்வி பதில்

கடலூரிலும் புதுச்சேரியிலும் பந்தய கார்ட் (தரையை ஒட்டி ஓடும் சிறு பந்தய வண்டி) கட்டுபவர்களும் ஓட்டுபவர்களும் ஸ்டப் ஆக்சில், அதாவது முன்சக்கரத்தைத் தாங்கும் சிறு அச்சு, அதன் கோணங்களைப் பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். கடலூரில் பட்டறை வைத்துச் சேஸி (வண்டியின் குழாய்ச் சட்டகம்) வேலை மட்டுமே செய்பவன் நான். ஆகவே இன்ஜின், கார்புரேட்டர் பற்றிய கேள்விகளை அத்துறை தெரிந்தவர்களிடம் கேட்பதே நல்லது.

மஞ்சக்குப்பம், பொறியியல் மாணவர்: ஐயா, வண்டி நேராக ஓடுவதற்காகவே காஸ்டர் கோணம் இருக்கிறது என்று படித்தோம். அப்படியானால் கார்ட்டில் ஏன் இவ்வளவு அதிகமாக வைக்கிறார்கள்?

முன்சக்கரம் திரும்பும் அச்சாணியான கிங் பின் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம்தான் காஸ்டர். நீங்கள் படித்தது காருக்குப் பொருந்தும், தம்பி. கார்ட்டில், பின்சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரென்ஷியலும் இல்லை, சஸ்பென்ஷனும் இல்லை. பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே ஆக்சிலில் இறுகப் பூட்டப்பட்டு ஒரே வேகத்தில் சுழல்கின்றன. ஆனால் வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கச் சக்கரத்தைவிட அதிக தூரம் போக வேண்டும். இரண்டும் தரையை அழுத்திப் பிடித்திருந்தால் ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்பினாலும் வண்டி நேராகப் போகவே முயலும். ஆகவே வளைவுக்குள் நுழையும்போது உள்பக்கப் பின்சக்கரம் தரையை விட்டு எழ வேண்டும், அல்லது அதன் மேல் உள்ள பாரமாவது வெகுவாகக் குறைய வேண்டும். கார்ட்டில் காஸ்டர் செய்யும் முதல் வேலை இதுதான்.

கிங் பின்னின் மேல்முனை பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது. சக்கரமோ கிங் பின்னுக்கு வெளியே தள்ளி நிற்கிறது. திருப்பும்போது, சேஸியை ஒப்பிட, உள்பக்க முன்சக்கரம் கீழே இறங்குகிறது, வெளிப்பக்க முன்சக்கரம் மேலே ஏறுகிறது. ஒரு மேசையின் முன்கால் ஒன்றுக்கு அடியில் ஓட்டுச் சில்லை வைத்தால் பாரம் அந்தக் காலிலும் அதற்குக் குறுக்கே உள்ள பின்காலிலும் விழும் அல்லவா? அதே போல இங்கும் பாரம் உள்பக்க முன்சக்கரத்துக்கும் வெளிப்பக்கப் பின்சக்கரத்துக்கும் போய், உள்பக்கப் பின்சக்கரம் விடுபடுகிறது.

கணக்காகவும் பார்க்கலாம். கிங் பின்னிலிருந்து சக்கர மையம் 120 மி.மீ. தள்ளியிருப்பதாகவும், சக்கரம் 15 டிகிரி திரும்புவதாகவும் வைத்துக்கொள்ளுங்கள். காஸ்டர் 12 டிகிரி என்றால் சக்கரம் ஏறக்குறைய 6.5 மி.மீ. இறங்கும்; 15 என்றால் 8 மி.மீ.; 20 என்றால் 10.5 மி.மீ. முன்பக்க அகலத்தை, அதாவது முன்சக்கரங்கள் இரண்டுக்கும் இடையிலான தூரத்தை, கூட்டினால் அந்த 120 பெரிதாகும் என்பதால், காஸ்டரைத் தொடாமலேயே இந்த இறக்கம் கூடும்.

வில்லியனூர் வாசகர்: வண்டியைத் தூக்குவது கிங் பின்னின் பக்கவாட்டுச் சாய்வுதான் என்று எங்கள் குழுவில் ஒருவர் உறுதியாகச் சொல்கிறார்.

அதே அளவுகளில், 10 டிகிரி பக்கவாட்டுச் சாய்வு தரும் இறக்கம் 0.7 மி.மீ. மட்டுமே. அதுவும் இரண்டு முன்சக்கரங்களும் சேர்ந்து இறங்குவதால் குறுக்காகப் பாரம் மாறுவதில்லை. ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்ப அச்சாய்வு உதவுகிறது என்பது உண்மை. பின்சக்கரத்தை எழுப்புவது காஸ்டர்தான்.

லாஸ்பேட்டை வாசகர்: காஸ்டர் எத்தனை டிகிரி வைக்க வேண்டும்?

சேஸி தயாரித்தவர் சொல்லும் நடுநிலை அளவில் தொடங்குங்கள். டயர், ஓட்டுநரின் எடை, இருக்கையின் இடம், குழாயின் விறைப்பு ஆகிய அனைத்தும் விடையை மாற்றுவதால், ஒரே எண்ணை எல்லோருக்கும் சொல்வது சரியாகாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, நோட்டில் எழுதுங்கள்.

அரியாங்குப்பம் வாசகர்: ஐப்பசி மழையில் தடம் வழுக்கும்போது காஸ்டரைக் குறைப்பதுதானே முறை?

இல்லை, கூட்ட வேண்டும். காய்ந்த தடத்தில் டயரின் பிடிப்பினால் பக்கவாட்டு விசை பெரிதாகி, உள்பக்கப் பின்சக்கரம் எழுவதற்கு அதுவே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. ஈரத்தில் அந்த விசை கிடைக்காததால் முழு வேலையையும் கோணமே செய்தாக வேண்டும். மழைக்குக் காஸ்டரைக் கூட்டி முன்பக்க அகலத்தையும் விரிப்பது இதற்காகத்தான்.

அவரே மீண்டும்: காஸ்டர் கூடினால் ஸ்டீயரிங் கனமாகி, சறுக்குவது ஓட்டுநரின் கைக்குத் தெரியாமல் போகுமே?

நியாயமான ஐயம். ஆனால் ஈரத்தில் டயர் தாங்கும் விசையே குறைவதால் ஸ்டீயரிங்கும் இலகுவாகிவிடுகிறது. கூட்டிய காஸ்டரின் கனம் அங்கே பெரிதாகத் தெரியாது.

கடலூர் முதுநகர் வாசகர்: நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சென்ற மழைக்காலத்தில் காஸ்டரைக் குறைத்தேன், பின்பக்க அகலத்தையும் காற்றழுத்தத்தையும் மாற்றினேன், சுற்றுக்கு ஒரு வினாடி குறைந்தது.

மூன்றை ஒரே நாளில் மாற்றியிருக்கிறீர்கள். அந்த ஒரு வினாடியைத் தந்தது எது என்று உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. தடம் காய்ந்துகொண்டே வந்திருந்தால் நீங்கள் செய்தது சரியாகவே இருந்திருக்கும், ஏனென்றால் பிடிப்பு கூடக் கூட அந்தக் கூடுதல் காஸ்டர் வேண்டாததாகிவிடும். அடுத்த மழையில் காஸ்டரை மட்டும் மாற்றி ஓட்டிப் பார்த்து எழுதுங்கள். முடிவு எனக்கு எதிராக வந்தாலும் படிக்க ஆவலாக இருக்கிறேன்.

திருப்பாதிரிப்புலியூர் வாசகர்: எத்தனை டிகிரி காஸ்டர் நல்லது?

லாஸ்பேட்டை வாசகருக்குச் சொன்னதே பதில்.

நெல்லிக்குப்பம் வாசகர்: தடுப்பில் மோதி ஸ்டப் ஆக்சில் வளைந்துவிட்டது. சூடாக்கி நிமிர்த்தலாமா?

கூடவே கூடாது. தொழில் தொடங்கிய புதிதில் நானே அப்படி ஒன்றை நிமிர்த்திப் பூட்டினேன். இரண்டாம் நாள் பயிற்சியில் அது வேரிலேயே முறிந்து, சக்கரம் தனியே ஓடியது. ஓட்டுநருக்கு அடிபடாதது எங்கள் நல்ல காலம். வளைந்து நிமிர்ந்த எஃகில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். சூடாக்கினால் அதன் உறுதியும் போய்விடும். புதியதை வாங்கிப் போடுங்கள்.

முத்தியால்பேட்டை வாசகி: கேம்பர், டோ இரண்டையும் எப்போது பார்க்க வேண்டும், ஐயா?

காஸ்டரை மாற்றும் ஒவ்வொரு முறையும் பாருங்கள், அம்மா. காஸ்டரை மாற்றத் திருப்பும், துளை மையம் விலகிய வளையமான எக்சென்ட்ரிக் புஷ்ஷைத் திருப்பும்போது கேம்பரும் (முன்னிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளோ வெளியோ சாயும் கோணம்) டோவும் (மேலிருந்து பார்த்தால் சக்கரங்களின் முன்விளிம்புகள் உள்ளோ வெளியோ திரும்பியிருப்பது) சேர்ந்து நகரக்கூடும். அளவெடுக்கும்போது ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவர் எடையில் சேஸி வளைவதால், காலி வண்டியின் அளவு தடத்தில் உங்களுக்கு உதவாது. காஸ்டர் கூடும்போது, திருப்பத்தில் வெளிப்பக்கச் சக்கரத்தின் மேல்பகுதி உள்நோக்கி மேலும் சாயும். ஆகவே அந்த டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்கிறதா என்று பாருங்கள்.

பண்ருட்டி வாசகர்: எங்கள் வண்டிக்கு எத்தனை டிகிரி என்று மட்டும் சொல்லுங்கள்.

மூன்றாவது முறையாக இதே கேள்வி. உங்கள் டயர், ஓட்டுநரின் எடை, இருக்கையின் இடம் எதையும் நீங்கள் எழுதவில்லை. மேலே உள்ள பதில்களைப் படித்துவிட்டு அவற்றுடன் எழுதுங்கள்.

காலாப்பட்டு வாசகர்: மதிய வெயிலில் வளைவின் நடுவில் வண்டி குதிக்கிறது. காலையில் அப்படி இல்லை.

காலையிலிருந்து பல வண்டிகள் ஓடித் தடத்தில் ரப்பர் படிந்து, மதியத்தில் பிடிப்பு கூடியிருக்கிறது. உள்பக்கப் பின்சக்கரம் தேவைக்கு மேல் எழுந்து, வளைவு முடியுமுன் விழுந்து, மீண்டும் எழுகிறது. ஓட்டுநர் உட்கார்ந்த நிலையில் அளவெடுத்து, காஸ்டரை ஒரு படி குறையுங்கள். அல்லது முன்பக்க அகலத்தைக் குறையுங்கள். இரண்டையும் சேர்த்துச் செய்ய வேண்டாம். நண்பர் ஒருவரை வளைவின் உள்பக்கம், தடுப்புக்குப் பின்னால் நிறுத்தி, உள்பக்கப் பின்சக்கரம் எங்கே எழுகிறது, எங்கே இறங்குகிறது என்று ஐந்து சுற்றுகளுக்குக் குறித்துத் தரச் சொல்லுங்கள். அந்தக் குறிப்போடு எழுதினால் அடுத்த படியைச் சொல்கிறேன்.